தோல் அலர்ஜி: காரணத்தைப் பிடிப்பதிலிருந்து மருந்து வரை, எந்த வரிசையில் என்ன செய்வது

தோல் நோய்ப் பிரிவில், வருகிறவர்களின் முதுகில் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருள்களைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் பரிசோதனை) ஒட்டுவதும் இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பதும் என் வேலை. பெரும்பாலானவர்கள் ஒரு பையோடு வருவார்கள். அதில் நான்கைந்து க்ரீம் ட்யூப், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், எங்கோ எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள் இருக்கும். அரிப்பு மட்டும் குறைந்திருக்காது.

காரணம், வரிசை தலைகீழாக இருப்பதுதான். முதலில் க்ரீம், அப்புறம் பத்தியம், அப்புறம் பரிசோதனை, எல்லாம் முடிந்த பிறகு 'இது எதனால் வருகிறது' என்ற கேள்வி. அந்தக் கேள்வி முதலில் வந்தால் பாதிப் பேருக்குப் பரிசோதனையே தேவைப்படாது. கீழே இருக்கும் படிகளை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

## 1. காத்திருக்கக் கூடாத நிலைகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தடிப்போடு மூச்சுத்திணறல், தொண்டை அடைப்பது, நாக்கு வீங்குவது, குரல் கம்முவது, தலைசுற்றி மயக்கம் வருவது ஆகியவற்றில் எதுவாவது சேர்ந்தால் உடனே 108. அங்கே முதல் மருந்து தொடையின் வெளிப்பக்கத்தில் போடும் அட்ரினலின் ஊசி. செட்டிரிசின் மாத்திரையை விழுங்கிவிட்டு 'அரைமணி பார்ப்போம்' என்று உட்கார்ந்திருப்பதுதான் இங்கே நடக்கும் மிகப்பெரிய தவறு. அந்த மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழல் வீக்கத்தை நிறுத்தாது. வண்டி வரும்வரை படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். எழுப்பி நடக்க வைக்காதீர்கள்.

இன்னொரு நிலை மெதுவாக வரும், அதனால் தவறவிடுவார்கள். புதிதாக ஒரு மருந்து ஆரம்பித்து ஒரு சில வாரங்களுக்குள் காய்ச்சல், கண் சிவப்பு, வாய்க்குள் புண், தோலில் வலி, கொப்புளம் அல்லது தோல் உரிதல் வந்தால் அன்றே மருத்துவமனை. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின், ஃபெனிட்டாயின், யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அல்லோபியூரினால், சல்ஃபா மருந்துகள் இப்படிச் செய்யக்கூடியவை. அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

## 2. இது அலர்ஜிதானா என்று பாருங்கள்

அரிப்பு என்றாலே அலர்ஜி என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம். அலர்ஜி வேடத்தில் வருபவை இரண்டு.

ஒன்று, சிரங்கு. ராத்திரியில் அரிப்பு அதிகம், விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிறு பொரிகள், வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு. மூன்றும் சேர்ந்தால் அது தோலுக்குள் குடியிருக்கும் சிற்றுண்ணி. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பெர்மெத்ரின் 5% க்ரீம் பூச வேண்டும். ஒருவர் மட்டும் பூசினால் மறுபடி மற்றவரிடமிருந்து தொற்றும்.

இரண்டு, படர்தாமரை. வட்டமாக, ஓரம் சிவந்து செதிலாக, நடுவில் ஆறியதுபோல் இருக்கும். தொடை இடுக்கு, இடுப்பு, பிட்டம் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். இதை அலர்ஜி என்று நினைத்து ஸ்டீராய்டு கலந்த க்ரீம் போட்டால் இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், அரிப்பு நிற்கும், பூஞ்சை மட்டும் நிம்மதியாகப் பரவும். வட்டம் கலைந்து உருவமே மாறிவிடுவதால் பிறகு மருத்துவருக்கும் அடையாளம் காண்பது சிரமம். சந்தேகம் இருந்தால் ஓரத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை, செலவும் குறைவு.

தடிப்போ பொரியோ எதுவுமே இல்லாமல் உடம்பு முழுக்க வாரக்கணக்கில் அரித்தால், தோலை விட்டுவிட்டுச் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை பக்கம் பார்க்க வேண்டும்.

## 3. பேனாவால் வட்டம் போட்டு வகையைப் பிரியுங்கள்

தோல் அலர்ஜியில் அடிக்கடி பார்ப்பவை மூன்று வகை. காரணம் தேடும் முறை, பரிசோதனை, மருந்து மூன்றும் வகைக்கு வகை மாறும். அதனால் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, மணி பார்த்து ஒரு படம் எடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் அந்த இடத்தைப் பாருங்கள்.

கோட்டுக்குள் தோல் சுத்தமாக இருந்து தடிப்பு வேறெங்கோ கிளம்பியிருந்தால் அது காணாக்கடி. கிராமத்தில் பூரான் கடி என்றும் சொல்வார்கள், பூரான் கடித்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் தடம் இல்லாமல் மறையும். ஆறு வாரத்துக்குள் நின்றுவிட்டால் குறுகியகாலக் காணாக்கடி, அதைத் தாண்டினால் நாள்பட்டது.

கோட்டுக்குள்ளேயே நின்று, செதில் விட்டு, நீர் கசிந்து, அல்லது தோல் தடித்துப்போனால் அது தோல் அழற்சி. வெளியிலிருந்து ஒரு பொருள் பட்டு வந்தால் தொடு ஒவ்வாமை. குழந்தைப் பருவத்திலிருந்தே வறண்ட தோல், முழங்கை முழங்கால் மடிப்புகளில் அரிப்பு, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா அல்லது அடுக்குத்தும்மல் என்று இருந்தால் அது கரப்பான். டாக்டர் சீட்டில் அட்டோபிக் டெர்மடைட்டிஸ் என்று எழுதியிருப்பார்.

தடிப்பு கோட்டுக்குள்ளேயே ஒரு நாளுக்கு மேல் நின்று, அரிப்பைவிட எரிச்சலும் வலியுமாக இருந்து, ஆறும்போது கறுத்த தடம் விட்டால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

## 4. உடம்பில் எந்த இடம் என்று படியுங்கள்

தொடு ஒவ்வாமையில் இடம்தான் பாதி விடை. இத்தனை ஆண்டில் புத்தக அட்டவணைகளைவிட எனக்கு அதிகம் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காது மடல், கழுத்தைச் சுற்றி, மணிக்கட்டு, தொப்புளுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவு கறுப்பு: நிக்கல். கவரிங் நகை, கடிகாரப் பட்டையின் கொக்கி, ஜீன்ஸ் பொத்தான், பெல்ட் கொக்கி. வியர்வை நிக்கலைக் கரைத்து இழுப்பதால் சித்திரை, வைகாசியில் இது கூடும். பொருளில் நிக்கல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைத் திரவம் உண்டு. பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் இளஞ்சிவப்பாகும்.

நெற்றி நடுவில்: ஸ்டிக்கர் பொட்டின் பசை, அல்லது குங்குமத்தில் சேர்க்கும் சாயம். அரிப்பே இல்லாமல் அந்த இடம் மட்டும் வெளுத்தாலும் பொட்டை நிறுத்துங்கள். சில பசைகளில் இருக்கும் பொருள் தோலின் நிறமியையே அழித்துவிடும்.

நெற்றி ஓரம், காதுக்குப் பின்னால், பிடரி, மீசையைச் சுற்றி: தலைச்சாயம். கறுப்புச் சாயங்களில் இருக்கும் பாராஃபினைலீன்டையமின்தான் காரணம், சுருக்கமாகப் பிபிடி. சாயம் பூசியது தலையில், ஆனால் வீங்குவது கண் இமை. தலைத்தோல் தடிமன், இமைத்தோல் மெல்லியது. இதனால் பலர் கண் மருத்துவரிடம் போய்விட்டு அப்புறம்தான் இங்கே வருகிறார்கள். 'மருதாணிதான் போட்டேன், சாயம் இல்லை' என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கறுப்பாகப் பிடித்ததா? மருதாணி இலை ஆரஞ்சு, செம்பழுப்புக்கு மேல் போகாது. சில நிமிடத்தில் கருகருவென்று பிடிக்கிறது என்றால் அதில் பிபிடி கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இடது கைக் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் வெடித்து, தடித்து, வலித்தால் பூண்டு. வலது கையில் கத்தி பிடிப்பவர் பூண்டை இடது கையில்தான் பிடிக்கிறார். இடது கை மட்டும் பாதித்ததால் பூஞ்சை என்று நினைத்து மாதக்கணக்கில் பூஞ்சை மருந்து போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பூண்டின் காரப்பொருள் மெல்லிய ரப்பர் கையுறையைத் தாண்டி உள்ளே போய்விடும். வேறொருவர் உரித்துத் தருவது நல்லது.

புறங்கை, மணிக்கட்டு, கால் விரல்கள், கொத்தனார் வேலை: சிமென்ட்டில் இருக்கும் குரோமேட். சிமென்ட்டின் காரம் முதலில் தோலை அரிக்கும், அந்தப் பிளவு வழியாகக் குரோமேட் உள்ளே போய் ஒவ்வாமையாக மாறும். அதே குரோமேட் பதனிட்ட தோல் செருப்பிலும் இருப்பதால் வேலைக்குப் போகாத நாளிலும் கால் ஆறாது. குழப்பம் அங்கேதான் வரும்.

பாதத்தின் மேற்புறம், செருப்பு வார் போகும் தடத்திலேயே வி வடிவில் என்றால் ரப்பரும் ஒட்டுப் பசையும்.

முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு, வயல்வெளிப் பக்கம் குடியிருப்பு, மழைக்குப் பின் கூடுதல்: பார்த்தீனியம். வெயில் அலர்ஜிதான் என்று நினைக்க வைக்கும். வித்தியாசம் இதில் இருக்கிறது: வெயில் மட்டும் காரணமானால் மேல் இமை, காதின் பின்புறம், தாடையின் அடிப்பகுதி தப்பித்துவிடும், நிழல் விழும் இடங்கள் அவை. காற்றில் வரும் பூந்துகளுக்கும் செடித் துகளுக்கும் நிழல் தெரியாது, அங்கேயும் படியும். செடியை வெறுங்கையால் பிடுங்கப் போகாதீர்கள். பூப்பதற்கு முன்னால் வேறொருவர் கையுறை போட்டு வேரோடு பிடுங்கட்டும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் விரல்கள் கறுத்து உரிவது முந்திரி ஓட்டின் எண்ணெயால். மாம்பழக் காம்பில் வடியும் பாலும், சேங்கொட்டைச் சாறும் அதே செடிக் குடும்பம். முந்திரி ஓடு ஒத்துக்கொள்ளாதவர் மாம்பழத்தை வேறொருவர் தோல் சீவிக் கொடுத்துச் சாப்பிடுவது நல்லது. வாயைச் சுற்றிக் கொப்புளம் வருவது பழத்தால் என்று நினைப்பார்கள், பெரும்பாலும் தோலும் பாலும்தான்.

கடைசியாக, புண்ணுக்குப் போட்ட மருந்தைச் சுற்றியே சிவந்து பரவினால் அந்த மருந்தையே சந்தேகியுங்கள். நியோமைசின் கலந்த ஆயின்மென்ட் பழைய குற்றவாளி.

## 5. நேரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

காணாக்கடி சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். அதனால் கடைசியாகச் சாப்பிட்டது, போட்ட மாத்திரை, கொட்டிய பூச்சி என்று பாருங்கள். தொடு ஒவ்வாமைக்கு டி செல்கள் (நம் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு வகை வெள்ளணுக்கள்) அந்த இடத்தில் திரள வேண்டும், அதற்கு 24 முதல் 72 மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை பூசிய சாயம் செவ்வாய்க்கிழமைதான் தெரியும். செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட மீன் குழம்பின் மேல் பழி விழும்.

இங்கே தினமும் நான் கேட்கும் வாக்கியம்: "பத்து வருஷமா இதே சோப்பு, இதே சாயம்தான் போடுறேன், அது எப்படி?" ஒவ்வாமை பழகிய பொருளுக்குத்தான் வரும். முதல் தடவை பட்டபோது உடம்புக்கு அதைத் தெரியாது. பலமுறை பட்டு, ஒரு நாள் அடையாளம் வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் எதிர்க்கும். அதனால் 'புதிதாக என்ன மாற்றினேன்' என்று மட்டும் தேடாதீர்கள், பழையதையும் பட்டியலில் எழுதுங்கள்.

இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, நேரம், இடம், முந்தைய மூன்று நாளில் தோலில் பட்டவை, மாத்திரைகள், வேலைக்குப் போன நாளா விடுமுறையா. விடுமுறையில் ஊருக்குப் போனபோது குறைந்து, திரும்பி வந்து மூன்றாம் நாள் கூடினால் அந்த ஒரு வரியே மருத்துவருக்குப் பொன்.

## 6. மருத்துவரிடம் போகும் முன்

தடிப்பு இருக்கும்போது எடுத்த படங்கள், நோட்டு, பயன்படுத்தும் எல்லாக் க்ரீம், எண்ணெய், சோப்பு, சாயத்தின் உறைகளைக் கொண்டுபோங்கள். 'வெள்ளை ட்யூப், பச்சை மூடி' என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நாட்டு மருந்து போட்டிருந்தால் மறைக்க வேண்டாம். வேப்பிலை, மஞ்சள், பூண்டு அரைத்துப் போட்டது போன்றவையும் தோலை எரிக்கலாம், அதைத் தெரிந்துகொண்டால்தான் மேலே பார்க்கும் சிவப்பு நோயா மருந்தா என்று பிரிக்க முடியும்.

## 7. வகைக்கு ஏற்ற பரிசோதனையைக் கேளுங்கள்

வகை தெரியாமல் பரிசோதனைக்குப் போனால் காசுதான் போகும்.

தொடு ஒவ்வாமைக்குப் பேட்ச் டெஸ்ட். சாப்பாடு, தூசி, பூந்துகள் போன்றவற்றுக்கு உடனடியாக வரும் ஒவ்வாமைக்குப் ப்ரிக் டெஸ்ட்: முன்கையில் சந்தேகப்படும் பொருளின் ஒரு துளி வைத்து ஊசி நுனியால் குத்தி, 15 முதல் 20 நிமிடத்தில் பார்ப்பது. தடிப்பு, வெறும் திரவம் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். இதற்குச் செட்டிரிசின் போன்ற மாத்திரைகளைப் பொதுவாக ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் வந்தால் எல்லாமே நெகட்டிவ்.

பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சாப்பிட்டால் உங்களுக்கு எதுவும் ஆகவில்லை என்றால் அந்தத் தாளுக்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. 'நூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை' என்று ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளந்து கொடுக்கும் பட்டியல்களை நம்பிச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். ஐஜிஜி இருப்பது நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதற்கு அடையாளம். இப்படி ஒரு பட்டியலைப் பார்த்துப் பால், முட்டை, கோதுமை, பருப்பு எல்லாம் நிறுத்தப்பட்ட குழந்தையை எடை குறைந்து கொண்டுவந்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆறு வாரம் தாண்டிய காணாக்கடிக்குப் பெரும்பாலும் வெளிப்பொருள் காரணம் இருக்காது. நம் எதிர்ப்பு மண்டலமே தோலில் இருக்கும் மாஸ்ட் செல்களை (அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினை வைத்திருப்பவை) தூண்டுகிறது. அதனால் அவர்களுக்கு அலர்ஜிப் பட்டியல் பரிசோதனை பயன் தருவது அபூர்வம்.

## 8. பேட்ச் டெஸ்டைக் கெடுக்காமல் முடியுங்கள்

இந்தியாவில் இதற்கென்று ஒரு நிலையான தொகுப்பு இருக்கிறது. நிக்கல், குரோமேட், பிபிடி, வாசனைக் கலவை, நியோமைசின், பார்த்தீனியம், ரப்பர் பொருள்கள் எல்லாம் அதில் அடக்கம். சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்து மேல்முதுகில் ஒட்டுவோம். ஊசி இல்லை, வலி இல்லை.

ஒட்டுவதற்கு முன்: முதுகில் ஒரு வாரம் ஸ்டீராய்டு பூசியிருக்கக் கூடாது, வெயில் நிறையப் பட்டிருக்கக் கூடாது, நோய் உச்சத்தில் இருக்கக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைத்த பிறகு வர வேண்டும். நீங்களே நிறுத்தாதீர்கள், நாள்பட்டுச் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. செட்டிரிசின் பொதுவாக இதைப் பாதிக்காது, இரண்டு டெஸ்டுக்கும் விதி ஒன்று என்று குழம்பிக்கொள்கிறார்கள்.

ஒட்டிய பிறகு 48 மணி நேரம்: முதுகை நனைக்காதீர்கள். வியர்க்கும் வேலை வேண்டாம், மூட்டை தூக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் வேண்டாம். ஓரம் பிரிந்தால் மேலே பிளாஸ்திரி போடுங்கள், எடுத்து மறுபடி ஒட்டாதீர்கள். கிண்ணம் ஒரு விரல் நகர்ந்தால் எந்தப் பொருளுக்கு எந்த எண் என்பதே மாறிவிடும். நல்ல வெயில் மாதத்தில் ஒட்டுவதை நான் முடிந்தவரை தள்ளிப்போடச் சொல்வேன்.

48 மணியில் பிரித்துப் பார்த்து, பேனா அடையாளத்தை அழிக்காமல் அனுப்புவோம். இங்கேதான் பலர் 'முடிஞ்சது' என்று ஊருக்குப் போய்விடுகிறார்கள். 72 அல்லது 96 மணி நேரத்தில் பார்க்கும் இரண்டாவது பார்வைதான் உண்மையான முடிவு. வெறும் எரிச்சலால் வந்த சிவப்பு அதற்குள் மங்கிவிடும், ஒவ்வாமை சிவப்பு இன்னும் ஏறும். நியோமைசினும் சில உலோகங்களும் ஒரு வாரம் கழித்தும் காட்டும். முதல் பார்வையோடு போனவருக்கு நாங்கள் தவறான தாளைக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது.

ஒரு கூட்டல், இரண்டு கூட்டல், மூன்று கூட்டல் என்று முடிவு வரும். மூன்று கூட்டல் வந்ததாலேயே அதுதான் உங்கள் நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். நான்காம் படியில் பார்த்த இடத்தோடு பொருந்த வேண்டும். கொத்தனாருக்குக் கையில் வெடிப்பு இருந்து நிக்கல் பாசிட்டிவ் வந்தால் அது எப்போதோ போட்ட காப்பின் கதையாக இருக்கலாம்.

டெஸ்ட் வசதி அருகில் இல்லாதவர்கள், பூசிவிட்டு அப்படியே விடும் க்ரீம், லோஷன் வகைகளுக்கு மட்டும் இப்படிச் செய்யலாம்: முழங்கை மடிப்பின் அருகே ஒரே இடத்தில் தினம் இரண்டு முறை, ஒன்று முதல் இரண்டு வாரம் பூசிப் பாருங்கள். அரித்துச் சிவந்தால் நிறுத்துங்கள். தலைச்சாயம், சோப்பு, ஷாம்பு, சிமென்ட், செடிச் சாறு ஆகியவற்றை இப்படிச் சோதிக்கவே கூடாது, தோல் வெந்துவிடும்.

## 9. மருந்தை இந்த வரிசையில் தொடங்குங்கள்

முதலில் பொருளை விலக்குங்கள். அது தோலில் பட்டுக்கொண்டே இருக்கும்வரை எந்தக் க்ரீமும் பூச்சு வேலைதான்.

நீர் கசிந்தால் அதை முதலில் உலர்த்த வேண்டும். சுத்தமான துணியை உப்பு நீரில் நனைத்து 10 முதல் 15 நிமிடம் போட்டு எடுங்கள், தினம் இரண்டு மூன்று முறை. பொட்டாசியம் பெர்மாங்கனேட் சொல்லியிருந்தால் வெளிர் இளஞ்சிவப்பு நிறம் போதும், படிகம் ஒன்றுகூடக் கரையாமல் இருக்கக் கூடாது, பட்ட இடம் எரிந்து கறுக்கும். கசியும் இடத்தில் எண்ணெயோ ஆயின்மென்ட்டோ போட்டால் நீர் உள்ளேயே தங்கும்.

அடுத்தது ஈரப்பதம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் அல்லது வெறும் வாஸ்லைன், குளித்து மூன்று நிமிடத்துக்குள், தோல் லேசாக ஈரமாக இருக்கும்போது. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் சரிதான். கடுகு எண்ணெய், ஆலிவ் எண்ணெய் வேண்டாம். அளவில் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். உடம்பு முழுக்கப் பாதித்த பெரியவருக்கு வாரத்துக்கு 250 கிராமிலிருந்து 500 கிராம் வரை ஆகும். 50 கிராம் ட்யூப் இரண்டு மாதம் வந்தால் பூசவில்லை என்று அர்த்தம்.

அப்புறம்தான் ஸ்டீராய்டு, மருத்துவர் சொன்ன வலிமையில். முகம், இமை, இடுக்குகளுக்கு மென்மையானது, கொஞ்ச நாள். உள்ளங்கை, உள்ளங்காலுக்கு வலுவானது தேவைப்படும், தோல் அவ்வளவு தடிமன். அளவுக்கு விரல் நுனிக் கணக்கு: பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்குப் போதும். ஒரு முழுக் கைக்கு மூன்று, ஒரு காலுக்கு ஆறு, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டரை. மாய்ஸ்சரைசருக்கும் இதற்கும் நடுவில் கால் மணி, அரை மணி இடைவெளி விடுங்கள்.

ஸ்டீராய்டு க்ரீமில் மக்கள் இரண்டு எதிர்த் தவறுகளைச் செய்கிறார்கள். ஒருசாரார் பயந்து இரண்டு நாள் பூசிச் சற்றுக் குறைந்ததும் நிறுத்தி, மறுபடி கிளம்பியதும் 'இந்த மருந்து கேட்கவில்லை' என்கிறார்கள். மற்றவர்கள் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கடையில் வாங்கிப் பூசுகிறார்கள். முகத்தில் பூசிப் பூசித் தோல் மெலிந்து, சிறு ரத்தக்குழாய்கள் தெரிந்து, நிறுத்தினால் எரியும் நிலைக்கு வந்தவர்கள் ஏராளம். 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை 2018-இல் மத்திய அரசு சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதற்காகத்தான். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த க்ரீமை வீட்டில் வைத்திருந்தால் தயவுசெய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்காதீர்கள்.

இமையிலும் முகத்திலும் நீண்ட நாள் தேவைப்பட்டால் டாக்ரோலிமஸ் ஆயின்மென்ட்டுக்கு மாற்றுவார்கள், அது தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் எரியும். சொல்லிவைக்காவிட்டால் அலர்ஜி என்று பயந்து நிறுத்திவிடுவார்கள், அதனால் இங்கேயே சொல்கிறேன். பார்த்தீனியம் போல் ஒதுங்கவே முடியாத ஒவ்வாமைக்கு அசாதையோபிரின் மாத்திரை கொடுப்பதுண்டு. ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாமல் செய்துகொண்டேதான் அதைச் சாப்பிட வேண்டும்.

செட்டிரிசின் வகை மாத்திரைகள் தொடு ஒவ்வாமையையோ கரப்பானையோ ஆற்றுவதில்லை. அங்கே அரிப்பைத் தூண்டுவது ஹிஸ்டமின் மட்டும் இல்லை.

## 10. காணாக்கடிக்கு வழி வேறு

இங்கே மாத்திரைதான் முதல் மருந்து. செட்டிரிசின் 10 மில்லிகிராம், லெவோசெட்டிரிசின் 5, ஃபெக்ஸோஃபெனடின் 180 போல ஒன்று, தினமும். தடிப்பு வந்த பிறகு ஒன்று போடுவது எரிந்த பிறகு தண்ணீர் ஊற்றுவது மாதிரி. வராமல் தடுக்கத்தான் மருந்து, அதனால் அரிக்காத நாளிலும் போட வேண்டும். அடங்கவில்லை என்றால் மருத்துவர் அளவை நான்கு மடங்கு வரை ஏற்றுவார், நீங்களாக ஏற்றாதீர்கள். தூக்கம் வந்தால் வண்டி ஓட்ட வேண்டாம், தூக்கம் குறைவான மாத்திரைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அதற்கும் கேட்காதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஓமலிசுமாப் ஊசி இருக்கிறது.

காணாக்கடி இருக்கும் காலத்தில் உடம்புவலிக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போடாதீர்கள், தடிப்பைக் கிளப்பிவிடும். வேறு வலிமாத்திரை கேளுங்கள்.

பத்தியம் பற்றி: கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை என்று பட்டியல் போட்டு நிறுத்துவது நம் வழக்கம். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு முறையும் வருகிறது என்று நோட்டு சொன்னால் அந்த ஒன்றை நிறுத்துங்கள். மற்றதைச் சாப்பிடுங்கள்.

## 11. குழந்தையின் கரப்பானுக்கு

கைக்குழந்தைக்குக் கன்னத்தில் ஆரம்பிக்கும், நடக்கும் வயதில் மடிப்புகளுக்கு இறங்கும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடக் குளியல், சோப்பு குறைவாக, உடனே மாய்ஸ்சரைசர், பருத்தித் துணி, நகத்தை வெட்டி வைத்தல். சிவந்த இடத்துக்கு மட்டும் மருத்துவர் கொடுத்த மென்மையான ஸ்டீராய்டு. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், தாயும் பத்தியம் இருக்க வேண்டியதில்லை. மஞ்சள் நிறப் பொருக்கு, சீழ், காய்ச்சல் வந்தால் கிருமி சேர்ந்துவிட்டது. வலியோடு ஒரே மாதிரி சிறு கொப்புளங்கள் திடீரென்று பரவினால் அது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

## 12. வேலையை விடாமல் பொருளை விலக்குவது

கொத்தனாரிடம் சிமென்ட்டை விடு என்று சொல்வது சுலபம், அவருக்கு அடுத்த நாள் சாப்பாடு அதில்தான். அதனால் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, வெளியே நைட்ரைல் கையுறை. உள்ளே சிமென்ட் போய்விட்டால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். கையுறைக்குள் சிக்கிய சிமென்ட் வெறுங்கையைவிட மோசம். கலவை போடுவதை விட்டுக் கம்பி கட்டுதல், டைல்ஸ் வெட்டுதல் பக்கம் மாற முடிந்தவர்களுக்கு நன்றாகக் குறைந்திருக்கிறது. தோல் செருப்புக்குப் பதில் துணி அல்லது பிளாஸ்டிக்.

பிபிடி பாசிட்டிவ் வந்தவர், அம்மோனியா இல்லை என்று எழுதிய சாயத்தை நம்பி வாங்கக் கூடாது. அம்மோனியா வேறு, பிபிடி வேறு. உறையில் பிபிடி பெயரும் அதன் உறவான டொலுயீன்டையமின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். தூய மருதாணி இலையும் அவுரிப் பொடியும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கின்றன.

பொருளை விலக்கியதும் இரண்டு மூன்று நாளில் ஆறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். குரோமேட் இன்னும் பிடிவாதம் பிடிக்கும். கை பார்வைக்கு நன்றாகிவிட்ட பிறகும் தோலின் தடுப்புச் சுவர் முழுதாகக் கட்டி முடிக்கப் பல மாதம் எடுக்கும். அந்த மாதங்களில் கையுறையையும் மாய்ஸ்சரைசரையும் நிறுத்தியவர்கள்தான் மறுபடி என் முன்னால் வந்து உட்காருகிறார்கள்.